ரெமியின் கார் கொதிக்கும் இடங்கள்

கார் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப்பைக் குறடால் நெகிழ்த்தியதும் துருத்தண்ணீர் எலிசியோவின் முழங்கையில் இறங்கி அக்குள் வரை ஓடியது. அவர் நகரவில்லை. பிரித்து விரித்த அட்டைப்பெட்டியின் மேல் மல்லாந்து கிடந்தபடியே அலுமினியச் சட்டியை இழுத்து ஒழுக்குக்கு நேராக வைத்தார். தண்ணீர் முதலில் காபி நிறத்தில் வந்தது, பிறகு செங்கல் நிறத்தில். பிறகு கட்டி கட்டியாக வந்தது.

“என்னண்ணே, காருக்கு வயித்துப்போக்கா?” என்றான் டிமோ. பக்கத்து வீட்டுக்காரன். சைட்கார் வைத்த மோட்டார்சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். கார் நின்றது அவன் வீட்டு முற்றத்தில்தான்.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் எலிசியோவின் வீடு. அங்கே கூடத்தில், வெள்ளைப் பெட்டிக்குள், அவர் மனைவி ரெமெடியோஸ், எல்லோருக்கும் ரெமி, ஆறாவது நாளாகப் படுத்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு அவளை எடுக்க வேண்டும்.

காலையில் வேலையைத் தன் வீட்டு வாசலில்தான் தொடங்கினார். ஹோஸ் பைப்பை நீட்டிக் குழாயைத் திறக்கப் போகும்போது மைத்துனி கொன்சோலா ஜெபமாலையும் கையுமாக ஓடி வந்துவிட்டாள்.

“அத்தான்! பெட்டி இருக்கிற வீட்டுல யாரும் குளிக்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

“நான் எங்கம்மா குளிக்கிறேன்? கார்தான் குளிக்குது.”

“காரும் இந்த வீட்டுக் கார்தானே!”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஆறு நாளாக வீட்டைப் பெருக்கவில்லை, தலை சீவவில்லை, வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. குளிப்பதற்கு எல்லோரும் டிமோ வீட்டுக்குத்தான் போனார்கள். ஆகவே பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, காரையும் டிமோ வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மைத்துனி வாயில் விழாமல் பிழைக்க அது ஒன்றுதான் வழி.

முப்பது வருஷத்துக் கார் அது. ஸ்டியரிங் இடது பக்கம் வைத்த, பின்பக்கம் நீண்ட வேகன். கூரையில் வெளிர்நீலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மற்ற இடங்களில் வெயில் தின்றுவிட்டது. வாழையிலையில் சுட்ட பிபிங்கா என்ற அரிசிமாவுக் கேக்கைக் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு ரெமி தினமும் விடிவதற்கு முன்பே இதில்தான் சந்தைக்குப் போனாள். போன செவ்வாய்க்கிழமை சந்தையில் சில்லறையை நீட்டியபடியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி முதலில் மகள் மரிவிக்குக்குத்தான் போனது. நகரத்தில் டீச்சர் வேலையில் இருக்கும் மகள் போன் செய்து சொன்ன பிறகே, வீட்டில் இருந்த புருஷனுக்குத் தெரிந்தது. சந்தையில் யாரிடமும் அவர் நம்பர் இல்லையாம்.

அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் இருந்தவர் எலிசியோ. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் விருந்தாளிக்கு நடப்பது போல எல்லாம் நடக்கும். நல்ல மீன், நல்ல தட்டு. மகள் பிறந்தபோது கப்பலில் இருந்தார். அவள் கல்யாணத்தின்போதும் கப்பலில்தான். பதினாலு மாதத்துக்கு முன் ஓய்வுபெற்று வந்து சேர்ந்தபோது வீட்டில் எல்லாம் அவர் இல்லாமலே ஓடப் பழகியிருந்தன. சோறு எந்தப் பானையில் இருக்கும் என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

“கைகாரி அண்ணி” என்றான் டிமோ, சட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுக் கிளறி. வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. “என்னன்னு தெரியுதா?”

“என்ன?”

“முட்டை! ரேடியேட்டர் ஒழுகினா வெள்ளைக்கருவ உடைச்சு உள்ள ஊத்திடுவாங்க. சூட்டுல வெந்து ஓட்டைய அடைச்சுக்கும். நம்ம ஊரு வைத்தியம்.”

“வெந்து ஓட்டைய மட்டுமா அடைக்கும்? உள்ள இருக்கிற அத்தனை குழாயையும் அடைக்கும்.”

“அது கப்பல்காரங்க கணக்கு. நமக்கு வீடு போய்ச் சேர்ந்தா போதும்.”

எலிசியோ எழுந்து உட்கார்ந்தார். மேல் ஹோஸ் எஞ்சினைச் சேரும் இடத்தில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டே இல்லை. எந்த மெக்கானிக்கோ எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கிறான். கேட்டால், அது குளிர்நாட்டுச் சாமான், நமக்கு எதற்கு என்பான். எலிசியோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நாளா என்று உடனே அடக்கிக்கொண்டார்.

டிமோவின் ஹோஸ் பைப்பைக் கீழ் வாயில் செருகித் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, “திற” என்றார். தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலே ஏறியது. ரேடியேட்டர் கரகரத்தது. பிறகு மேல்வாய் வழியாகச் சேறு கக்கியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். டிமோவின் முற்றம் முழுக்கச் சிவந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மரிவிக் காபியோடு வந்தாள். ஆறு நாளாகத் தூங்காத முகம். சேற்றைத் தாண்டாமல் ஓரமாகவே நின்றாள்.

“அப்பா, சவ வண்டிக்காரன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு வந்துடுவான்.”

“வேண்டாம்னு சொல்லிடு. இதுலதான் போறா.”

“அப்பா, சந்தைக்குப் போறதுக்குள்ள ஏழெட்டுத் தடவ கொதிக்கிற கார் இது. அம்மாவே சொல்லுவாங்க. கோயிலுக்கும் அதே ரோடு, அதே மூணு கிலோமீட்டர். அதுவும் எல்லாரும் பின்னாடி நடந்து வருவாங்க. ஆள் நடக்கிற வேகத்துல உருட்டிட்டுப் போகணும். நடுவழில நின்னுட்டா?”

நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் சொல்லவும் வேண்டியதில்லை. பெட்டியை ஏற்றிய வண்டி வழியில் நின்றால், உள்ளே இருப்பவர் துணைக்கு ஆள் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். கோயில் போகும்வரை நிற்கக் கூடாது, திரும்பவும் கூடாது.

“நிக்காது” என்றார் எலிசியோ.

“எப்படிச் சொல்றீங்க?”

“இந்த ஒரு வேலை எனக்குத் தெரியும், மரிவிக்.”

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“சரி. ஆனா சவ வண்டி காலியா பின்னாடியே வரட்டும். இது நின்னா மாத்திக்கலாம்” என்று காபியை டிமோவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

காலி வண்டி பின்னாலேயே வரவேண்டுமாம். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் வேறு. எலிசியோ கையைத் துடைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் திரவம் தேடி வீட்டுப் பின்கொட்டகைக்குப் போனார்.

அங்கே அது இருந்தது. நாலு கேன். ரோட்டர்டாமிலிருந்து ஒன்று, பூசானிலிருந்து ஒன்று, இரண்டு சிங்கப்பூரிலிருந்து. ஊருக்கு அனுப்பும் பெட்டிகளில், சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில், துண்டில் சுற்றி அவரே வைத்து அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தார்: குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, இதை ஊற்று. போனில் கேட்டபோதெல்லாம் அவள் சொன்னது, “ஊத்திட்டேன், ஊத்திட்டேன்.” நாலு கேனும் சீல் உடையாமல் அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்து நின்றிருந்தன.

அவருக்கு அந்த இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும் போல இருந்தது. பொய் சொல்லியிருக்கிறாள். பணம் கேட்டிருந்தாலும் நகை கேட்டிருந்தாலும் அனுப்பியிருப்பார். அவள் எதுவும் கேட்டதில்லை. அவராக அக்கறைப்பட்டு அனுப்பிய ஒரே சாமான் இதுதான், அதையும் மூட்டைக்கு முட்டாக வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து கேன்களை வரிசையாக வைத்தபோது டிமோ அவற்றையும் பார்த்தான், அவர் முகத்தையும் பார்த்தான்.

“இந்த வேலைய அண்ணி இருக்கிறப்பவே செஞ்சிருக்கலாமே அண்ணே?”

“வந்த முதல் வாரமே கேட்டேன். அடுத்த வாரம்னா. அப்புறமும் கேட்டேன், அடுத்த வாரம்னா. சரி, சந்தைக்காவது கூட வரேன்னேன். நீங்க தூங்குங்கன்னா. பதினாலு மாசமா அடுத்த வாரம்தான்.”

டிமோ ஹோஸ் பைப்பைச் சுருட்டப் போனான்.

புது மூடி, புது கீழ் ஹோஸ் இரண்டையும் முந்தின நாளே டவுனில் வாங்கி வைத்திருந்தார். தெர்மோஸ்டாட் இல்லாமலே மேல் மூடியைப் பூட்டினார். காரின் முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி மூக்கைத் தூக்கி நிறுத்தினார். காற்று மேலே வருவதற்காக. பச்சைத் திரவத்தையும் மருந்துக்கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, அவசரமில்லாமல், நூல் பிடித்த மாதிரி ஊற்றினார். எஞ்சினைப் போட்டு, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டார். உள்ளே அடைபட்டிருந்த காற்று குமிழியாக வந்து வாயில் உடைந்தது. மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினார். கடைசியில் குமிழி நின்று, பச்சைத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதில் அவர் முகம் தெரிந்தது.

மூடியைத் திருகி, நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டார். சூடு காட்டும் முள் பாதிக்கு வந்தது. பாதியிலேயே நின்றது. டிமோவின் வீட்டில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் பெட்டி ஏறக்குறையப் பொருந்தியது. ஒரு முழம் வெளியே நீண்டதால் பின்கதவைத் தூக்கிக் கயிற்றால் கட்டினார்கள். முன்சீட்டில் யார் உட்காருவது என்று ஒரு கணம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரிவிக் நடந்து வருவதாகச் சொன்னாள். கொன்சோலாவுக்கு ஜெபம் சொல்லி நடத்த வேண்டும். அப்படியே ஆளுக்கொரு காரணம். எலிசியோ பக்கத்துக் கதவைத் தானே எட்டிச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

முதல் கியர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வீடுகள். கண்ணாடியில் பெட்டியும், அதற்குப் பின்னால் மகளின் கறுப்புக் குடையும், ஜெபம் சொல்லும் கூட்டமும், எல்லோருக்கும் கடைசியில் காலியான சவ வண்டியும் தெரிந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. முள் பாதியில் நின்றது. இவ்வளவு காலத்தில் தான் அவளுக்காக முழுசாகச் செய்து முடித்த வேலை இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

நானூறு மீட்டர் தாண்டியிருக்காது. ஒரு நீலக் கேட்டுக்கு முன்னால், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சிவப்பு பிளாஸ்டிக் கேனோடு ரோட்டுக்கே வந்து நின்றாள். கேனில் தண்ணீர் தளும்பியது.

“நிறுத்தலையா?” என்றாள், காரோடு சேர்ந்து நடந்துகொண்டே. “எப்பவும் இங்க நிப்பா. கொதிக்கும்ல.”

“தேவையில்லம்மா. சரி பண்ணிட்டேன். இனிமே கொதிக்காது.”

“ஓ” என்றாள் அவள். கேனைத் தாழ்த்திக்கொண்டு, நடையைக் குறைத்து, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

அந்த ‘ஓ’ எலிசியோவுக்கு என்னவோ செய்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. எப்பவும் இங்கே நிற்பாளா? நானூறு மீட்டரிலா? குளிர்ந்து கிடந்த எஞ்சின், விடியாத நேரம், கடற்காற்று. சேறு அடைத்த ரேடியேட்டராகவே இருக்கட்டும், தண்ணீரே இல்லாமலும் இருக்கட்டும், நானூறு மீட்டரில் உலகத்தில் எந்த எஞ்சினும் கொதிக்காது. இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தவர் அவர்.

அடுத்து ஒரு பஞ்சர் கடை. பனியன் போட்ட ஆள் ஒருவர் அலுமினியக் கெட்டிலோடு நின்றார். எலிசியோ கையசைத்ததும் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதான் அந்தக் கப்பல்காரரா?”

“ஆமா.”

“ரெமி சொல்லியிருக்கா.”

என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் கார் அவரைத் தாண்டிவிட்டது. நிறுத்தவும் கூடாது, திரும்பவும் கூடாது. பஞ்சர் கடைக்காரரும் கெட்டிலோடு கூட்டத்தில் சேர்ந்து நடப்பது கண்ணாடியில் தெரிந்தது.

மூன்றாவது இடம் ஒரு உப்புக் கடை. ஓலைத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் சூம்பியிருந்தது. அவள் முன்னால் பெயிண்ட் டின்னில் தண்ணீர். அவளுக்கு எதிரே ஒரு முக்காலி. அதன்மேல் தட்டை மூடிய காபிக் கோப்பை. முக்காலி காலியாக இருந்தது.

எலிசியோ பிரேக்கை மிதித்தார்.

பின்னால் ஜெபம் அறுந்தது. “ஐயோ, நின்னுடுச்சு! நின்னுடுச்சு!” என்று கொன்சோலா கத்தினாள். மரிவிக் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அப்பா! கொதிச்சுடுச்சா? சவ வண்டிய முன்னாடி வரச் சொல்லவா?”

“கொதிக்கல. நான்தான் நிறுத்தினேன்.”

“எதுக்கு அத்தான்? பெட்டிய வச்சுக்கிட்டு வழியில நிக்கலாமா? இது என்ன விபரீதம்!” கொன்சோலாவுக்கு மூச்சு வாங்கியது.

“உங்க அக்கா இந்த இடத்துல நிக்காம ஒரு நாளும் போனதில்ல போலிருக்கு, கொன்சோலா. இன்னைக்கு மட்டும் நிக்காம போனா நல்லாவா இருக்கும்?”

கொன்சோலா முக்காலியைப் பார்த்தாள். ஜெபமாலையில் விட்ட மணியைத் தேடிப் பிடித்தாள்.

எலிசியோ இறங்கினார். உப்புக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுத கண்.

“எந்திரிச்சு வர முடியாது எனக்கு. காரச் சரி பண்ணிட்டீங்க, நிக்கமாட்டீங்கன்னு டிமோ காலையிலயே சொல்லிட்டுப் போனான். ஆனாலும் எடுத்து வச்சேன்.”

“இங்க ரொம்ப நேரம் இருப்பாளா?”

“ஒரு காபி நேரம். சில நாள் ரெண்டு காபி நேரம்.” அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எஞ்சின் ஆறணும்ல.”

“ஆமா” என்றார் எலிசியோ. “ஆறணும்.”

பதினாலு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு காபி நேரம் அவளோடு உட்கார்ந்து பேசியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் கேட்டதில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷம் அவளுக்கு இந்த ரோடு இருந்திருக்கிறது. கார் கொதித்துக்கொண்டே இருக்கத்தான் நாலு கேனும் சீல் உடையாமல் நின்றிருக்கின்றன. நல்ல வேளை, இதுவாவது இருந்தது என்று நினைத்தார்.

பெயிண்ட் டின்னை இரண்டு கையாலும் தூக்கினார். ரேடியேட்டரில் ஒரு சொட்டுக்குக்கூட இடமில்லை. சூட்டில் மூடியைத் திறக்கவும் கூடாது. கொண்டுபோய் முன்சீட்டில், கதவோரமாக வைத்தார்.

நீலக் கேட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே வந்து, ஜன்னல் வழியாகத் தன் கேனையும் உள்ளே நீட்டினாள். பஞ்சர் கடைக்காரர் கெட்டிலைக் கொடுத்தார். மரிவிக் பக்கத்துக் கதவைத் திறந்து, மூன்றும் சாயாதபடி சரிசெய்து வைத்தாள்.

“இன்னும் எத்தன பேர்ப்பா?” என்றாள்.

“தெரியலம்மா. போய்த்தான் பார்க்கணும்.”

கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் நாலு இடத்தில் நின்றார்கள். கொன்சோலா இரண்டாவது தடவைக்குப் பிறகு, நின்ற இடத்திலேயே ஜெபத்தைத் தொடர்ந்தாள். மீன் உலர்த்தும் பெண் கொடுத்த வாளி, கோழிக்கறி விற்பவன் கொடுத்த பால்டின், மூடியில்லாத இரண்டு ஜாடிகள். முன்சீட்டிலும் அதன் கீழேயும் ஏழு பாத்திரம் சேர்ந்துவிட்டது. எல்லாமே நிறைந்து தளும்பின.

தூரத்தில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பாதிரியார் காத்திருப்பார். எலிசியோ வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். முதல் கியரைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. ஆகவே வலது கையை எடுத்துக் கெட்டிலின் பிடியைப் பிடித்துக்கொண்டு, குழி வந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் சிந்தாதபடி அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, இடது கையால் மட்டும் ஓட்டிப் போனார்.